நாய்க்கு எத்தினை முறுக்கு

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க கொட்டாஞ்சேனை மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கச்சியின் ஒரே மகன் ஜனா பணிவுடன் எழுதுவது.

இங்கு அம்மா சுகம். நான் சுகமா என்று எனக்கே விளங்கவில்லை. அப்பா சுகமா என்று அவர் கதைத்தால்தான் தெரியும், அவர் கதைக்கவில்லை. தாங்களும் மாமியும் சாம்பவியும் கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மாமா, என்னைக் கடையில் சேர்த்துக்கொள்ளுங்கோ. நாளைக்கே, திங்கட்கிழமையே வருகிறேன். போன வருசம் நீங்கள் வந்து கவுண்டரில் நில்லடா என்று கூப்பிட்டபோது, தண்ணிப் பைப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவன் நான்தான். அந்தக் கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பைப் நல்ல சாமான். வெடிக்காது, கத்தாது, அதை வாங்க வருகிறவர் தன் பிள்ளைக்கு எத்தனையாம் இடம் என்று கேட்கமாட்டார். இன்னொன்று, நீங்கள் ஒருக்கா வந்து அப்பாவோடு கதைக்க வேண்டும். உங்கள் சொல்லை மட்டும்தான் அவர் காதில் வாங்குவார். இதையெல்லாம் ஏன் கடுதாசியில் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். உங்கட போன் மாமியின் கையில், மாமியின் போன் சாம்பவியின் கையில். போனமுறை நான் அனுப்பின வொய்ஸை மாமி சத்தமாகப் போட, கடையில் சாமான் வாங்க வந்த சனம் முழுக்கக் கேட்டதாம். இன்றைக்குப் பின்னேரம் ஷாமில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு, பிள்ளைகள் ஏறித் துள்ளுற காற்றுக் கோட்டை கொண்டு வருகிறான். அவனிடம் கொடுத்துவிடுகிறேன். மாமி இல்லாத நேரம் பார்த்து வாசியுங்கோ.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அப்படிச் சொன்னால்தான் எனக்கும் கொஞ்சம் விளங்கும். கம்பியூட்டர் கோர்ஸை நான் இடையில் விட்டது உங்களுக்குத் தெரியும். ஏன் விட்டாய், ஏன் விட்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரு இடத்தில் இருக்க ஏலவில்லை, அவ்வளவுதான். கதிரையில் இருந்தால் கால் தன்பாட்டில் ஆடும், முன்னுக்கு நிற்கிறவர் கதைக்கிறது காதுவரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். விட்டுவிட்டேன் என்று சொன்ன அன்றைக்கு அப்பா என்னோடு கதைக்கிறதை நிறுத்தினார். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி அன்றைக்கே கணக்கு முடிந்திருக்கும். இவர் வாழ்க்கை முழுக்கக் கணக்குப் படிப்பித்து பென்ஷன் எடுத்தவர், தேவையில்லாத எண்ணை வெட்டுகிற மாதிரி என்னை வெட்டிவிட்டார். "அவர் சாப்பிடுவாரோ எண்டு கேளும்" என்று அம்மாவிடம் சொல்லுவார், நான் அம்மாவுக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கோப்பையோடு இருப்பேன். அம்மா குளிக்கப் போயிருந்தால் சுவர்க் கலண்டரைப் பார்த்து, "இந்த வீட்டில ஆரோ ஃபானை நிப்பாட்டாமல் எழும்பிப் போகினம்" என்று சொல்லுவார். நானும் கலண்டரைப் பார்த்து ஓம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அந்த நேரம்தான் ஷாமில் வந்தான். மாளிகாவத்தைப் பெடியன், அதே கோர்ஸை என்னைவிட முதலே விட்ட கெட்டிக்காரன். விழாக்களுக்குப் பொப்கோர்ன் மெஷின், காற்றுக் கோட்டை, மிக்கி தலை எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறது அவன் தொழில். "மச்சான், ஒனக்குக் கை சும்மா ஈக்கேலாதுதானே, இதப் புடி" என்று ஒரு கைப்பம்பையும் ஒரு பை நீட்டுப் பலூனையும் தந்தான். மாமா, நான் பெரிய வித்தைக்காரன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பலூனைப் பிடித்த நாள் என் கால் ஆடுறதை நிறுத்திவிட்டது. நீட்டுப் பலூனை முழுக்க ஊதக்கூடாது, வாலில் கொஞ்சம் இடம் காற்றில்லாமல் விட வேண்டும். முறுக்க முறுக்க உள்ளே இருக்கிற காற்று எங்கேயாவது ஒதுங்கத்தானே வேண்டும், ஒதுங்க இடமில்லாவிட்டால் வெடிக்கும். அவ்வளவுதான் தெரிந்திருக்க வேண்டியது, மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். சிறுவர் தினம், பொங்கல் விழா, கடைத் திறப்பு, கார்னிவல் என்று போகாத இடமில்லை. சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று, பலூன் கிறீச் என்று கத்தும்போது காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். காலி வீதியில் ஒரு கடைத் திறப்பில் வெயிலுக்கு ஒன்று வெடிக்க, செக்குரிட்டி விழுந்தடித்து ஓடி வந்தார். என் கையில் மிஞ்சியிருந்ததை உற்றுப் பார்த்து, "மல்லி, மேக்க பல்லெக்த?" என்றார். இது நாயா என்று விசாரணை. ஒவ் அய்யே, ஓம் அண்ணை என்றேன். தன் மகளுக்கு ஒன்று கேட்டு வாங்கித் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு போனார். அப்படி ஒரு தொழில் மாமா. ஒருவரும் என்னை மதிக்கவில்லை, ஒருவரும் எனக்குக் குறையும் சொல்லவில்லை.

பிறகுதான் நமசிவாயம் சேரின் பாராட்டு விழா வந்தது. கடல்பக்கத்து லேனில் வெற்றிப்படிக் கல்வி நிலையம் நடத்துகிறாரே, அவர்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பாஸான பிள்ளைகளுக்கு மாலை, கேடயம், ஐஸ்கிறீம், மூலையில் நான். எல்லாப் பிள்ளைக்கும் நாய் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கௌரி அன்ரி என்று ஒருவர், முதலாவதாக வந்த மிதுனாவின் அம்மா, பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தா.

"தம்பி, எல்லாருக்கும் நாயோ?"

"ஓம் அன்ரி."

"முதலாம் பிள்ளைக்கும் நாய், ஆகக் கடைசிப் பிள்ளைக்கும் நாயோ?"

"நாய் ஒரு மாதிரித்தான் அன்ரி இருக்கு."

"அப்ப என்ர பிள்ளை இவ்வளவு பாடுபட்டுப் படிச்சு என்ன பிரயோசனம்?"

அந்தப் பிள்ளை மிதுனா மாலைக்குள் முகம் தெரியாமல் நின்று, தனக்கு நாய் போதும் என்று மெல்லச் சொன்னது. அதை ஒருவரும் கேட்கவில்லை. தொல்லை வேண்டாம் என்று நான் ஒரு வாள் செய்து கொடுத்தேன். உடனே இரண்டாம் பிள்ளையின் அம்மா வந்து, ஒரேயொரு புள்ளியால்தான் தவறியது, வாளுக்கும் நாய்க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டா. குதிரை இருக்கிறது என்றேன். உண்மையைச் சொன்னால் நாயின் கழுத்தைக் கொஞ்சம் நீட்டி விட்டால் குதிரை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நல்ல வடிவாக நின்ற வரிசையைக் கலைத்துப் புள்ளிப்படி அடுக்கினார்கள், முன்னுக்கு நின்ற குட்டிகள் பின்னுக்குப் போய் அழுதுகள், ஒரு தகப்பன் ஏற்கனவே வாங்கின நாயைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு இதைப் பரிசீலிக்க முடியுமா என்று கேட்டார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அன்ரி, நாய் லெவல் வன். குதிரை லெவல் ரூ. வாளெல்லாம் சும்மா குடுக்கேலாது, அதுக்குப் படிக்கோணும்."

மாமா, வெள்ளவத்தையில் பகிடிக்கும் சொல்லக்கூடாத சொல் அது. கௌரி அன்ரி கைப்பையிலிருந்து போனை எடுத்தா. "எங்க தம்பி படிப்பிக்கினம்?"

இரண்டு நாள் பொறுத்து நமசிவாயம் சேர் எங்கள் பிளாட்டுக்கே வந்தார். லிஃப்ட் வேலை செய்யாமல் ஏறி வந்து மூச்சு வாங்கினபடி, நான் என்னென்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். விட்டிட்டன் சேர் என்றேன். "விடமுதல் என்ன படிச்சனீர்?" என்றார். மறுநாள் வட்ஸ்அப் குறூப் எல்லாவற்றிலும் நோட்டீஸ். பலூன் கலை, லெவல் 1, தமிழ் மொழிமூலம், ஆசிரியர் ஜனா, முன்னாள் கணினி விஞ்ஞான மாணவன். முன்னாள் என்று போட்டால் சனம் முடித்தவர் என்றுதானே நினைக்கும், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார் சேர். என் அடையாள அட்டைப் படத்தில் இருந்த கழுத்துக்கு யாரோ ரை கட்டினமாதிரி வரைந்திருந்தார்கள். நான் இது சரிவராது, நான் வரமாட்டேன் என்று சேருக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். சத்தியமாக எடுத்தேன். அப்போது அப்பா என் அறைக் கதவடியில் வந்து நின்றார். கலண்டரைப் பார்க்கவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாய்க்கு எத்தினை முறுக்கு?"

நான் எனக்குப் பின்னால் அம்மா நிற்கிறாவோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. "எண்ணினதில்லை அப்பா" என்றேன். "எண்ணாமல் என்னெண்டு படிப்பிப்பாய்?" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தார். நான் செய்யச் செய்ய அவர் எண்ணினார். பூட்டுகிற முறுக்கு வேறு, சும்மா முறுக்கு வேறு என்று பிரித்தார், வாலில் விடுகிற இடத்துக்கும் முறுக்குக்கும் விகிதம் பார்த்தார், பலூன் கத்தின ஒவ்வொரு முறையும் தோளைக் குறுக்கிக்கொண்டார். குசினியில் பைப் தண்ணியை நிறுத்திவிட்டு அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தா. அன்றைக்கு எங்களுக்குக் கேட்காமலேயே திரும்பத் திரும்பத் தேத்தண்ணி வந்தது. இனி நான் எப்படி மாமா மாட்டேன் என்று சொல்லுவேன்?

வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் கொப்பியோடு இருக்குதுகள். பின் வரிசை வாங்கில் அம்மாமாரும் கொப்பியோடு. நான் பம்பை வெளியே எடுக்க, ஒரு பிள்ளை கையை உயர்த்தி, சேர் தலைப்பு என்ன என்று கேட்டது. தலைப்பு இல்லை, பலூனைப் பிடியுங்கோ என்றேன். பின் வாங்கில் முணுமுணுப்பு. இடைவேளையில் நமசிவாயம் சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நோட்ஸ் கொடுக்காத வகுப்பை சனம் வகுப்பென்று எடுக்காது, செய்முறையை அடுத்த தவணையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்பா வீட்டில் நோட்ஸ் எழுதித் தந்தார். நான் வாசித்தேன். பலூன் எனப்படுவது இறப்பரினால் ஆக்கப்பட்டதும், நீண்டதும், காற்றினால் நிரப்பப்படக்கூடியதுமான ஒரு பையாகும். பையாகும் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதி அடிக்கோடு போட்டார்கள். நடுவில் கடற்கரை றெயின் கூவிக்கொண்டு போகும், அதுவரை எல்லோரும் வாயைத் திறந்தபடி நிற்போம், போனபிறகு விட்ட சொல்லிலிருந்து தொடங்குவேன். நாயின் பாகங்கள், நாய்க்கும் குதிரைக்கும் உள்ள வேறுபாடுகள், பலூன் வெடிப்பதற்கான காரணங்கள். கௌரி அன்ரி கடந்தகால வினாத்தாள் கேட்டா. இது புதுப் பாடம், கடந்தகாலமே இல்லை அன்ரி என்றேன். அப்படியென்றால் மாதிரி வினாத்தாள் வேண்டும் என்றா. பக்கத்து லேனில் யாரோ ஒரே மாதத்தில் குதிரை என்று விளம்பரப் போட் வைத்துவிட்டார்கள், எங்கள் ஆட்களுக்கு நித்திரை போய்விட்டது. ஒருநாள் ஒரு பெடியன், "சேர், எப்ப பலூன் தருவீங்கள்?" என்று கேட்டான். "முதல்ல தியரியை முடிப்பம்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் விளங்கியது, நான் விட்டு ஓடின கோர்ஸில் முன்னுக்கு நின்றவர் சொன்ன அதே சொல், அதே குரலில்.

ஆனால் அப்பா கதைத்தார் மாமா. காலையில் கதைத்தார், பின்னேரம் கதைத்தார், குளிக்கும் அறைக்குள் இருந்துகொண்டும் கதைத்தார். லேனில் போகிறவர் எல்லோரும் சேர் சேர் என்று என்னைக் கூப்பிட, பக்கத்தில் நடக்கிற அப்பா காதில் விழாத மாதிரி நடந்து, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒவ்வொருவர் பேராகச் சொல்லுவார்.

அதற்கிடையில் இன்னொரு வில்லங்கம். மாளிகாவத்தையில் ஷாமிலின் ஆட்கள் வைத்த சிறுவர் விழா, நீண்ட நாளைக்குப் பிறகு பம்போடு போய் நின்றேன். முன்பல் விழுந்த ஒரு குட்டி, அண்ணாவைக் கூப்பிடுகிற மாதிரி "நானா, நாயொண்டு" என்று கையை நீட்டியது. நான் ஊதினேன், முறுக்கினேன், முறுக்கும்போது மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன். இது பூட்டு முறுக்கா சும்மா முறுக்கா, மூக்குக்குப் பிறகு கழுத்தா காதா, அப்பா எழுதினதில் எது முதலில். கை நின்றுவிட்டது. எத்தனை நாயைக் கண்ணை மூடிக்கொண்டு செய்த கை. கடைசியில் காலெல்லாம் ஒரு பக்கத்தில் வந்த ஏதோ ஒன்றைக் கொடுத்தேன். அந்தக் குட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக, "நானா, இது நுளம்பா? கடிக்குமா?" என்று கேட்டது. ஷாமில் என்னை ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போனான். "நல்லா ஈந்த கைய நீ படிக்க வெச்சிக் கெடுத்துட்டாய்டா" என்றான்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கோ. வகுப்பை நிறுத்தினால் அப்பா கதையை நிறுத்துவார். நிறுத்தாவிட்டால் என் கை நின்றுவிடும். பிள்ளைகளைச் சிரிக்க வைத்த காலம் என்னை நாய்க்காரன் என்றார்கள், அதே பிள்ளைகளைக் கொட்டாவி விட வைக்க சேர் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நேற்றுப் பரீட்சை. வினாத்தாள் அப்பா. பின்வருவனவற்றுள் நாய் அல்லாதது எது. வாலில் விடப்படும் வெற்றிடத்தின் அவசியத்தை விளக்குக. பிள்ளைகள் எல்லாம் வெளுத்து வாங்கினார்கள், மிதுனா மேலதிகத் தாள் கேட்டு வாங்கினாள். பிறகு செய்முறை. அம்மாமாரை வெளியில் நிற்பாட்டினதால் அவர்கள் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். அப்பா சிவப்புப் பேனையோடு முன்னுக்கு, நமசிவாயம் சேர் மணியோடு பின்னுக்கு. ஆளுக்கொரு பலூன் ஊதிக் கொடுத்தேன், கட்டுறது அவர்களுடைய வேலை. அந்த வகுப்பில் பிள்ளைகள் ஊதின பலூனைத் தொட்டது அதுதான் முதல்தடவை மாமா. மிதுனா அதைப் பிடித்தாள், அது கிறீச் என்று கத்தியது, பயந்துபோய்க் கையை விட்டாள். சிவத்தப் பலூன் புர்ர்ர் என்று கிளம்பி, ஃபானைச் சுற்றி, நமசிவாயம் சேரின் தலைக்கு மேலால் போய், அப்பாவின் நெஞ்சில் மோதி எங்கேயோ காணாமல் போனது. ஒரு கணம் றெயின் போகிற நேரம் மாதிரி எல்லோரும் வாயைத் திறந்தபடி. பிறகு மிதுனா சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து நான் முன்னம் பின்னம் பார்த்ததில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விக்கல் எடுக்க எடுக்கச் சிரித்தாள். அதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை வேண்டுமென்றே தன் பலூனை விட்டது. அதற்குப் பிறகு ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. பலூன்கள் பறக்க, பிள்ளைகள் வாங்குக்கு மேல் ஏறிப் பிடிக்க, சேர் மணியை அடிக்க, அந்த மணிக்கும் பிள்ளைகள் சிரிக்க, நானும் சிரித்தேன். அப்பா வாயில் கையை வைத்திருந்தார். இருமினாரா வேறு ஏதுமா என்று எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்துகொண்டு அம்மாமார் உள்ளே வந்தார்கள். பறந்ததற்கு எத்தனை புள்ளி என்று கௌரி அன்ரி கேட்டா. பறக்கிறது பாடத்திட்டத்தில் இல்லை என்றார் நமசிவாயம் சேர். எல்லாருக்கும் நூறு என்று நான் சொன்னேன். அப்பா பேனையை மேசையில் வைத்துவிட்டு, "அப்பிடிப் போடேலாது" என்றார். எல்லாருக்கும் நூறென்றால் முதலாம் பிள்ளை யார் என்று எல்லோரும் ஒன்றாகக் கேட்டார்கள். ஒருவரும் இல்லை என்றேன். முதலாம் பிள்ளை இல்லாத வகுப்பை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் சண்டைக்குள் மிதுனா தாயின் கையைப் பிடித்து இழுத்து, சின்னக் குரலில் கேட்டாள். "அம்மா, நான் பிழையாச் சிரிச்சிட்டனா?"

மாமா, அதற்குப் பிறகு எனக்கு அங்கே நிற்க ஏலவில்லை. பம்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அப்பாவும் பின்னால் வந்தார், ஓட்டோவில் ஏறினவுடன், "அப்பா, நான் இனி அங்க போகமாட்டன்" என்று சொன்னேன். அப்பா மற்றப் பக்கம் திரும்பி, ஓட்டோக்காரரிடம் லேனுக்குள் திருப்பச் சொன்னார். அதுதான் கடைசி. இராத்திரிச் சாப்பாட்டுக்கு, "அவர் சாப்பிடுவாரோ எண்டு கேளும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னிடம் கேட்கவில்லை, அழுதா. கலண்டர் திரும்ப வேலைக்கு வந்துவிட்டது.

ஆகையால் மாமா, நாளைக்கு நான் வருகிறேன். ஒரு மூலையில் நிற்க இடம் தந்தால் போதும், வோஷர், சொக்கற், எல்போ எல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடுவேன், எத்தனை என்று எண்ணச் சொல்லாமல் இருந்தால் இன்னும் கெதியாகப் பழகுவேன். பெடியன் வேலைக்குப் போகிறான், கதையுங்கோ என்று நீங்கள் அப்பாவிடம் சொல்லுங்கோ. பைப் விற்கிறவனோடு கதைக்கக்கூடாது என்று கணக்கில் எங்கேயும் இல்லையே. வேறு வழி எனக்குத் தெரியவில்லை, இதில் நான் முடிவெடுத்துவிட்டேன், ஒருவர் சொல்லியும் மாறமாட்டேன்.

மாமிக்கு இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சும் விடாமல் என் அன்பைச் சொல்லுங்கோ. சாம்பவிக்கு முத்தம். கடைக்கும் வீட்டுக்கும் பிள்ளையார் துணையிருந்து, உங்கள் எல்லோரையும் புள்ளி போடுகிறவர்களின் கண்ணில் படாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
நாளை காலை முதல் பஸ்ஸில் வரவிருக்கும் உங்கள் மருமகன்,
ஜனா.

பி.கு.: மாமா, மேல எழுதினதை விடுங்கோ. கடிதத்தை மடிச்சிட்டு ஷாமிலுக்குப் போன் எடுப்பம் எண்டு எழும்ப, அப்பா கதவடியில நிக்கிறார். கையில அந்தச் சிவத்தப் பலூன், காத்துப் போய்ச் சுருங்கிப்போய். அம்மா உடுப்புத் தோய்க்கேக்க அவற்ற சட்டைப் பொக்கற்றுக்குள்ள இருந்து எடுத்தவவாம். "இது என்ர பொக்கற்றுக்குள்ள என்னெண்டு வந்தது?" எண்டு கேட்டார். என்னைப் பாத்துத்தான் கேட்டார். பறந்து வந்தது அப்பா எண்டன். "ஒருக்கா விட்டுக் காட்டு" எண்டார். ஊதி விட்டன். அது கலண்டரில அடிச்சு, சாமிப்படத்துக்குப் பின்னால போய் விழுந்திது. இன்னும் ஒருக்கா எண்டார். பிறகு தானே வாங்கி ஊதி விட்டார், அது அவற்ற கண்ணாடியைத் தட்டிவிட்டிது, சிரிச்சார் மாமா. இருமல் இல்லை, சிரிப்புத்தான், அம்மாவும் பாத்தவா. வகுப்பைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. என்ர கையும் தன்பாட்டில ஒரு நாய் செய்து மேசையில வைச்சிருக்கு, நான் எண்ணேல்லை.

அதுக்குள்ள பெல் அடிக்குது, திறந்தா மாமியும் சாம்பவியும். உங்களிட்டப் பம்பலப்பிட்டிக் கோயில் எண்டு சொல்லிப்போட்டு வந்தவையாம், நான் சொன்னது எண்டு சொல்லாதேங்கோ. லெவல் வன்னுக்கு இடம் இருக்கோ எண்டு மாமி கேக்கிறா. கொப்பி ரெண்டு கொண்டு வந்திருக்கிறா, ஒண்டு சாம்பவிக்கு, ஒண்டு தனக்கு. நான் வாய் திறக்கமுதல் அப்பா பலூனும் கையுமா முன்னுக்கு வந்து, "இனிக் கொப்பி இல்லை. ஜனா முதல்ல பலூனைக் குடுப்பான், பிள்ளையள் அதைப் பறக்க விடட்டும்" எண்டு சொல்லிப்போட்டார். மாமிதான் விடேல்லை. "அப்ப முதலாம் பிள்ளையை என்னெண்டு அண்ணை கண்டுபிடிக்கிறது?" எண்டு கேட்டா. அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். யோசிக்காமல் விட்டிருக்கலாம். "ஆரின்ர பலூன் ஆகத் தூரம் போகுதோ, அவர்" எண்டார்.

நாளைக்கு நான் வரேல்லை, கவுண்டரில இடம் வைக்க வேண்டாம். ஆனா கடையில நல்ல நீட்டான அளவுநாடா இருந்தா ஷாமிலிட்டக் குடுத்துவிடுங்கோ. அப்பா கேக்கிறார்.